தார், ஜிம்னி, ஜிப்ஸிக்குள் மழைத் தண்ணீர்: எங்கிருந்து வருது? எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது?

2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. 79 ஆண்டுகளில் அங்கே பதிவான உச்சம் அது. சரியாக 30 நாள் கழித்து, ஜூன் 28 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் அதே நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1936-க்குப் பிறகு ஜூன் மாதத்தில் ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை.

இந்த இரண்டு நாட்களையும் திறந்த வெளியில் நின்றே கடந்த ஒரு வண்டியை நினைத்துப் பாருங்கள். மே மாத வெயில் கதவு ரப்பரைக் காய வைத்து இறுக்கியிருக்கும். புழுதிக் காற்றும் உதிர்ந்த வேப்பிலையும் வண்டியின் வடிகால் துளைகளில் போய் அடைந்திருக்கும். அந்த நிலையில்தான் முதல் பெருமழையை அது சந்திக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். வண்டியின் கூரை 2.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அன்று ஒருநாள் மழையில் அதன்மேல் விழுந்தது சுமார் 570 லிட்டர். அதில் 100-ல் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலே ஐந்தரை லிட்டருக்கு மேல். ஆனால், கேபினுக்குள் குளம் தெரியாது. தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் முழுவதையும் குடித்துவிடும். ஒரு வாரம் கழித்து நாற்றம்தான் முதலில் தெரியும்.

அப்போது பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி, ஈரம் தெரியும் இடத்துக்கு மேலே பூசிவிடுவார்கள். இதில் இரண்டு சிக்கல்கள். தண்ணீர் தெரியும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. தவிர, பல நேரங்களில் பிரச்னை புது ஓட்டை அல்ல. ஏற்கெனவே இருக்கும் வடிகால் துளை அடைபட்டதுதான். திறக்க வேண்டிய இடத்தில் இன்னும் பூசினால் கசிவு கூடத்தான் செய்யும்.

ஆஃப்-ரோடு வண்டியில மட்டும் ஏன் இவ்வளவு ஒழுகுது?

1940-களின் இறுதியில் மஹிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து விற்கத் தொடங்கியது. 1985-இல் மாருதியின் ஜிப்ஸி வந்தது. கேன்வாஸ் கூரையும் தகரத் தரையும் கொண்ட அந்த வண்டிகளில் நனைவது ஒரு குறையாகவே கருதப்படவில்லை. உள்ளே கெட்டுப்போகப் பெரிதாக எதுவும் இல்லை.

இன்றைய வண்டியில் தரைவிரிப்புக்கு அடியில்தான் வயரிங் ஓடுகிறது. பல மாடல்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கருவி, இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவில், தரையோடு ஒட்டி இருக்கிறது. சீட் பெல்ட், ஏர்பேக் இணைப்புகள் சீட்டுக்கு அடியில் இருக்கின்றன. அங்கே ஈரம் தங்கினால் டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியலாம். விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமலும் போகலாம். அதனால்தான் 'சின்ன ஒழுகல்தானே' என்று விட முடியாது.

ஒழுகுவதற்கான காரணங்கள் இந்த வகை வண்டியின் வடிவத்திலேயே இருக்கின்றன:

• கழற்றக்கூடிய கூரை, தனித்தனிப் பாகங்கள். இணைப்பு எத்தனையோ, கசிய வாய்ப்பும் அத்தனை.

• மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும். போல்ட்டுகள் தளரும், கதவு இம்மி அளவு இறங்கும்.

• பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் எடை கதவுக் கீலை இழுக்கும். ரப்பர் ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் இடைவெளி விழும்.

• சேறு. வடிகால் துளைகளை அடைக்க இதைவிடச் சிறந்த பொருள் இல்லை.

• நாம் பொருத்தும் லைட் பார், ரூஃப் ரேக், வின்ச், ஆன்டெனா. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை, ஒரு வயர்.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். 2020-இல் வந்த தார், கழுவக்கூடிய தரையோடும் தண்ணீரை வெளியே விடும் அடைப்பான்களோடும்தான் அறிமுகமானது. அமெரிக்காவின் ஜீப் ரேங்லரிலும் தரையில் இப்படி அடைப்பான்கள் உண்டு.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். தாருக்கு 650 மி.மீ, ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700 மி.மீ என்று சொல்லப்படும் எண்கள், வண்டி மெதுவாகக் கடக்கக்கூடிய தண்ணீரின் ஆழம். மழையில் கூரை ஒழுகுமா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

அருவிக்குக் கீழே நின்ற ஸ்கார்பியோ-என்

2023 தொடக்கத்தில் ஒரு வீடியோ நாடு முழுக்கப் பரவியது. மலைச் சாலையோர அருவிக்குக் கீழே ஒருவர் தன் ஸ்கார்பியோ-என் வண்டியை நிறுத்துகிறார். கூரையில் உள்ள ஸ்பீக்கர் வழியாகவும் விளக்கு வழியாகவும் உள்ளே தண்ணீர் கொட்டுகிறது. சில நாட்களில் மஹிந்திரா நிறுவனம் அருவிக்குக் கீழே இன்னொரு ஸ்கார்பியோ-என்னை நிறுத்தி, உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை என்று காட்டும் வீடியோவை வெளியிட்டது.

யார் சொல்வது சரி என்ற சண்டை இணையத்தில் ஓடியது. வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் வேறொரு பாடம் இருக்கிறது. சன்ரூஃப் என்பது முழுக்க நீர் புகாத மூடி அல்ல. அதன் ரப்பரைத் தாண்டி ஓரளவு தண்ணீர் இறங்கும் என்பதைக் கணக்கில் வைத்தே, சுற்றிலும் ஒரு வாய்க்கால் அமைத்து, மூலைகளில் குழாய் வைத்து, தூண்களுக்குள் இறக்கி வெளியே விடுகிறார்கள். அந்தக் குழாயின் கொள்ளளவைவிட அதிகமாகக் கொட்டினாலும், குழாய் அடைபட்டிருந்தாலும், கண்ணாடி முழுதாக மூடாமல் இருந்தாலும் தண்ணீர் கூரைத் துணிக்கு மேலே பரவும். பிறகு கிடைக்கும் முதல் துளை வழியாக இறங்கும். கூரையில் அந்தத் துளை பெரும்பாலும் ஸ்பீக்கரோ விளக்கோதான்.

முதல்ல, இது என்ன தண்ணி?

கேபினில் ஈரம் இருந்தாலே மழைத் தண்ணீர் என்று அர்த்தமில்லை. எப்போது, எங்கே ஈரமாகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

• மழையே இல்லாத நாளிலும், ஏசி போட்ட பிறகு முன்சீட்டின் கால் பகுதி நனைந்தால்: ஏசி வடிகால் குழாய் அடைபட்டிருக்கிறது.

• கையில் தொட்டால் வழவழப்பு, லேசான இனிப்பு வாசனை, முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம்: இது கூலன்ட். ஹீட்டர் கசிகிறது. உடனே மெக்கானிக்கிடம் போகணும்.

• நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் நனைந்தால்: கூரை, சன்ரூஃப், கண்ணாடி ஓரம். வண்டி எந்தப் பக்கம் சரிந்து நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

• மழையில் ஓட்டும்போது மட்டும் நனைந்தால்: கதவு ரப்பர், அல்லது சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் தரைத் துளை வழியாக வருகிறது.

• ஓடையைக் கடந்த பிறகு மட்டும் நனைந்தால்: தரை அடைப்பான்கள், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டின் ரப்பர் புஷ், கதவின் கீழ் ஓரம்.

டெல்லியிலிருந்து லாஹௌல்-ஸ்பிதி பக்கம் போய் வருபவர்களுக்குக் கடைசி வகைதான் அதிகம் நடக்கும். அங்கே ஓடைகள் சாலையின் மேலேயே ஓடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு பேர், ஒரு டார்ச், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

1. உள்ளே முழுக்கக் காய வையுங்கள். விரிப்பைத் தூக்கி, கதவின் கீழே உள்ள பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, ஸ்பாஞ்சை அழுத்திப் பாருங்கள். ஈரம் இருக்கும்போதே சோதித்தால் எது புதுத் தண்ணீர் என்று தெரியாது. சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை: சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற இணைப்புகள் பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. பேட்டரி இணைப்பை எடுக்காமல் அவற்றைத் தொடக் கூடாது. சந்தேகம் இருந்தால் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.

2. சந்தேகமான இடங்களில், உள்பக்கம், சாக்பீஸ் தூளோ டால்கம் பவுடரோ தூவுங்கள். நியூஸ்பேப்பரை விரித்து வையுங்கள். தண்ணீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும்.

3. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரணும். இன்னொருவர் வெளியே தண்ணீர் ஊற்றணும். எப்போதும் கீழிருந்து மேலே: முதலில் கதவின் அடி, பிறகு கண்ணாடி ஓரம், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் 5 முதல் 10 நிமிடம். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே நுழைந்தது என்றே தெரியாமல் போகும்.

4. பிரஷர் வாஷர் வேணாம். நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும் சக்தி அதற்கு உண்டு. இல்லாத கசிவு இருப்பதாகத் தோன்றும். கோடையில் டெல்லியில் குழாய் பிடிப்பதும் சிக்கல்தான். 2024 மே இறுதியில் குடிநீர்த் தட்டுப்பாட்டின்போது, குழாய் வைத்து கார் கழுவினால் 2,000 ரூபாய் அபராதம் என்று டெல்லி அரசு அறிவித்தது. ஒரு வாளியும் செடிக்கு ஊற்றும் பூவாளியும் இந்த வேலைக்குப் போதும்.

5. கதவு ரப்பரைச் சோதிக்கத் தண்ணீரே தேவையில்லை. ஒரு 10 ரூபாய் நோட்டைக் கதவு இடுக்கில் வைத்து மூடுங்கள். இழுத்தால் இறுக்கமாக வரணும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. கதவைச் சுற்றிலும் ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் இதைச் செய்யுங்கள்.

6. இன்னும் தெரியவில்லையா? எல்லாக் கண்ணாடிகளையும் மூடி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நிலையில் ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் கூடும். வெளியே இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை கிளம்பும். வண்டியின் பின்பகுதியில் காற்று வெளியேறவே திறப்புகள் உண்டு. அங்கே நுரை வந்தால் அது கசிவு அல்ல.

எந்த இடத்துக்கு என்ன வைத்தியம்?

*சன்ரூஃப்:* கண்ணாடியைத் திறந்து, மூலையில் உள்ள துளையில் அரை டம்ளர் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் வண்டிக்கு அடியில் சொட்டணும். சொட்டவில்லை என்றால், வளையக்கூடிய நைலான் கம்பியை மெல்லச் செலுத்தி அடைப்பை எடுங்கள். கம்ப்ரஸர் காற்று அடிக்க வேணாம். தூணுக்குள் குழாய் கழன்றுவிட்டால், மறுபடி மாட்ட உள்பக்கம் முழுக்கப் பிரிக்கணும்.

*வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டு:* மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இலைக்குப்பை அடைந்தால் தண்ணீர் தேங்கி, ஏசி காற்று நுழையும் வழியாக உள்ளே இறங்கும். கையால் அள்ளி, ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. செலவு பூஜ்யம்.

*ஏசி வடிகால்:* ஜூலை மாதப் புழுக்கத்தில் ஏசி போட்டு நின்றால் வண்டிக்கு அடியில் சொட்டிக்கொண்டே இருக்கணும். சொட்டவில்லை என்றால் அந்தக் குட்டி ரப்பர் குழாயின் வாயில் சேறு காய்ந்திருக்கிறது.

*கதவுகள்:* கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. கண்ணாடியை ஒட்டி வழிந்து, அடியில் உள்ள துளைகள் வழியே வெளியேறும். அந்தத் துளைகளைக் குச்சியால் சுத்தம் செய்யணும். கதவின் உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றும்போது இதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவது உண்டு. பியூட்டைல் டேப் வைத்து மறுபடி ஒட்டினால் சரியாகிவிடும். கதவு இறங்கியிருந்தால் ரப்பரை மாற்றிப் பயனில்லை. முதலில் கீலையும் பூட்டு கொக்கியையும் சீரமைக்கணும்.

*தரை அடைப்பான்கள்:* உள்ளே கழுவியதும் சரியாகத் திரும்ப மாட்டாமல் விடுவதுதான் வழக்கமான காரணம். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

*வயர் நுழையும் இடங்கள்:* லைட் பார், டேஷ்கேம் வயரை உள்ளே கொண்டுவர ரப்பர் புஷ்ஷைக் கிழித்திருப்பார்கள். வயர் நேராக உள்ளே இறங்கினால் தண்ணீரும் அதைப் பிடித்துக்கொண்டே இறங்கும். வயர் முதலில் கீழே தொங்கி வளைந்து, பிறகு மேலேறி நுழையணும். அப்போது தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

*ஹார்டு டாப், ரூஃப் ரேக்:* ஒரு பெரிய ஆஃப்-ரோடு பயணத்துக்குப் பிறகு போல்ட்டுகளை முறுக்கிப் பாருங்கள். இணைப்பில் உள்ள ஃபோம் பட்டை தட்டையாகிவிட்டால் மாற்றணும்.

*சாஃப்ட் டாப்:* தையல் வரிசைகள்தான் பலவீனம். துணிக்கூரைக்கான சீம் சீலர் பூசலாம். நனைந்த கூரையை மடித்து வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

*முன்கண்ணாடி:* இதில் கை வைக்க வேணாம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசை வண்டியின் உறுதியிலும் பங்கு வகிக்கிறது. கழற்றி, துருவைச் சுரண்டி, யூரித்தேன் பசையில் மறுபடி பொருத்துவது பழகியவர்கள் செய்யும் வேலை. பழைய ஜிப்ஸியில் கண்ணாடிச் சட்டமே துருப்பிடித்திருந்தால் முதலில் டிங்கரிங் வேலை முடியணும்.

இதை மட்டும் செய்யாதீங்க

பாத்ரூம் சிலிக்கான் பலவற்றில் வினிகர் வாசனை வரும். காரணம், அது காயும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலம். தகரத்தில் அது துருவைக் கிளப்பும். பின்னாளில் அந்த இடத்தில் பெயின்டும் ஒட்டாது. தகர இணைப்புகளுக்கு வாகனத்துக்கான பாலியூரித்தேன் சீலன்ட், கழற்றி மாட்ட வேண்டிய இடங்களுக்கு பியூட்டைல் டேப் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பளபளப்புக்காகக் கதவு ரப்பரில் டீசலோ எஞ்சின் ஆயிலோ துடைக்கும் பழக்கமும் வேணாம். பெரும்பாலான கார் ரப்பர்கள் ஈபிடிஎம் வகை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி, உருக்குலையும். சிலிக்கான் கிரீஸ் அல்லது சிலிக்கான் ஸ்பிரே மெல்லியதாகப் பூசினால் வெயிலில் காயாமல் இருக்கும்.

கசிவை அடைத்த பிறகும் உள்ளே இருக்கும் ஈரம் தானாகப் போகாது. நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தினால் பூஞ்சையைத் தவிர்க்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டல். விரிப்பை வெளியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் வேக்குவம் போட்டு, தகரத்தைத் துடைத்து ஃபேன் வையுங்கள். வாசனை டப்பா தொங்கவிடுவது தீர்வே இல்லை.

இன்சூரன்ஸ், வாரன்டி, சட்டம்

வெள்ளத்தில் வண்டி மூழ்கினால், சொந்தச் சேதத்துக்கான காப்பீடு இருந்தால் கோர முடியும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் எதுவும் கிடைக்காது. மெல்ல மெல்லக் கசிந்து வந்த துருவும் பூஞ்சையும் வெறும் தேய்மானமாகவே பார்க்கப்படும். தண்ணீரில் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால், எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இல்லாமல் பணம் வாங்குவது கடினம்.

வாரன்டி இருக்கும் வண்டியில் நீங்களே எதையும் பூசாதீங்க. வீடியோ எடுங்கள். எந்த நிலையில் எங்கே ஒழுகுகிறது என்பதை ஜாப் கார்டில் எழுத வைத்து, நகல் வாங்குங்கள். திரும்பத் திரும்ப வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். நாமே துளை போட்டுப் பொருத்திய ரேக் வழியாகக் கசிந்தால் அந்த வாதம் நிற்காது.

ஒழுகுகிறது என்பதற்காக சாஃப்ட் டாப்பைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தை ஹார்டு டாப் போடும் முன் ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் பதிவு செய்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

பழைய வண்டி வாங்குறீங்களா?

2023 ஜூலை 13 அன்று டெல்லியில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. 1978-இன் 207.49 மீட்டர் சாதனையை அது முறியடித்தது. இப்படி வெள்ளம் வந்த ஊரில் வண்டி வாங்கும்போது, கழுவி மினுக்கிய மேற்பரப்பை நம்பக் கூடாது.

சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். மண் கறைக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. சீட் தண்டவாளத்தில் துரு, ஃப்யூஸ் பெட்டிக்குள் வண்டல், விரிப்புக்கு அடியில் மணல் ஆகியவையும் அதே கதையைச் சொல்லும். புத்தம் புது விரிப்பு போட்ட பழைய வண்டி என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

எப்போ எதைச் செய்யணும்?

டெல்லியில் பருவமழை வழக்கமாக ஜூன் கடைசி வாரத்தில் தொடங்கி செப்டம்பரில் விலகும். அதற்கேற்ப மூன்றே வேலைகள்.

• மே இறுதி: எல்லா வடிகால் துளைகளையும் சுத்தம் செய்து, ரப்பருக்கு சிலிக்கான் பூச்சு.

• ஜூன் நடுவில்: ஒரு வாளித் தண்ணீர் சோதனை, 10 ரூபாய் நோட்டு சோதனை.

• அக்டோபர்: விரிப்பைத் தூக்கி ஒருமுறை பார்த்தல். மழைக்காலத்தில் இறங்கிய ஈரம், குளிரில் கண்ணாடிகளை மூடியே ஓட்டும் நான்கு மாதமும் உள்ளேயே தங்கிவிடும்.

இவற்றுடன், சேற்றிலோ ஓடையிலோ இறங்கி வந்த ஒவ்வொரு பயணத்துக்கும் மறுநாள் கதவுத் துளைகளையும் ஏசி குழாயையும் பாருங்கள். சேறு ஈரமாக இருக்கும்போது விரலால் எடுத்துவிடலாம். காய்ந்தபின் கம்பி தேடணும்.